கதவு திறக்காத நாளிலும்



இந்த மாதம் நம் சமயத்தைச் சேராத சில இளைஞர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "இந்து இளைஞர் இதழில் இது எதுக்கு?" என்று சிலர் கேட்பீங்க. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. போகப் போகக் காரணம் புரியும்.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. இரண்டு இரண்டு பேராக நடந்தோ சைக்கிளிலோ போவார்கள். வெளிநாட்டுத் தெருவிலோ சினிமாவிலோ பலர் பார்த்திருப்பீங்க. மார்மன் மிஷனரிகள் என்று உலகம் அவர்களைச் சொல்லும். அவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. 'மார்மன்' என்பது அவர்களுடைய நூல் ஒன்றின் பெயரால் வந்த பட்டப்பெயர். முழுப்பெயரால் அழையுங்கள் என்று 2018 முதல் கேட்டுக்கொள்கிறார்கள். அதனால் இனி 'மிஷனரி' என்று மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் என்ன போதிக்கிறார்கள் என்ற விவாதத்துக்கு இங்கே நான் போகவில்லை. ஒரு நாளை அவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது, அதுதான் பேச்சு.

நம்ம வயசுதான்

ஆண்கள் 18 வயதிலேயே போகலாம். முன்பு 19 ஆக இருந்தது, 2012 அக்டோபரில் குறைத்தார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். அதாவது நம்ம ஊரில் எஸ்பிஎம் முடித்து, மெட்ரிகுலேசனா, படிவம் ஆறா, பாலிடெக்னிக்கா என்று யோசிக்கிற வயசு. இன்றைக்கு உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பணியில் இருக்கிறார்கள்.

எந்த நாட்டுக்குப் போவது என்று அவர்கள் முடிவு செய்ய முடியாது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிரேசில் என்று வந்தால் பிரேசில், ஜப்பான் என்று வந்தால் ஜப்பான். மொழி தெரியாவிட்டால் பயிற்சி மையத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். யூட்டாவின் புரோவோ நகரில் இருப்பது அதில் பெரியது. ஜப்பானிய மொழி மாதிரி கடினமான மொழிக்கே சுமார் 9 வாரம்தான். அதற்குப் பிறகு தெருவில் இறங்கிப் பேச வேண்டியதுதான்.

சம்பளம்? கிடையாது. அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையில் 500 ஆனது. சொந்தச் சேமிப்பு, பெற்றோர், உறவினர், ஊர்ச் சபை என்று எப்படியாவது சேர்த்துக் கட்டுவார்கள். 24 மாதத்துக்குக் கணக்குப் போடுங்க, 12,000 டாலர். பிடிபிடிஎன் கடனை எப்போது அடைப்போம் என்று நாம் கணக்குப் போடுகிற வயதில், அவர்கள் தங்கள் நம்பிக்கைக்காகச் செலவு செய்கிற கணக்கு இது.

ஒரு நாள்

காலை 6:30-க்கு எழுகிறார்கள். பிரார்த்தனை, பிறகு அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளித்து, சாப்பிட்டு, தனியாக ஒரு மணி நேரம் வேதப் படிப்பு. பிறகு கூட இருக்கும் தோழரோடு சேர்ந்து படிப்பு. புது மொழி என்றால் அதற்கும் தனி நேரம். அதற்குப் பிறகுதான் வெளியே கிளம்புவார்கள். இரவு 9 மணி, 9:30 வாக்கில் திரும்பி வந்து, 10:30-க்கு விளக்கணைப்பு. 2017-க்குப் பிறகு நாட்டுக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

வெளியே போய் என்ன வேலை? கதவு தட்டுவது, தெருவில் பேசுவது, கேட்க விரும்புகிறவர் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்வது. அது மட்டும் இல்லை. முதியவர் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டுவது, வீடு மாறுகிறவருக்குச் சாமான் தூக்குவது, ஜப்பான் மாதிரி நாடுகளில் இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது, இதெல்லாமும் அவர்களுடைய வாரத்தில் உண்டு.

தனியாக எங்கேயும் போகக் கூடாது. எப்போதும் தோழர் ஒருவர் கூடவே இருப்பார். அவரையும் இவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பிடிக்கிறதோ பிடிக்கலையோ, ஒரே வீடு, ஒரே சமையல். பெரும்பாலும் 6 வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். இருக்கலாம், வேறு ஊருக்கு மாறலாம், தோழரும் மாறலாம். காதல், சினிமா எல்லாம் அந்தக் காலம் முழுக்க ஒத்திவைப்பு. மது, புகை, தேநீர், காப்பி அந்தச் சபையில் யாருக்கும் எப்போதும் கிடையாது.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் 'தயாரிப்பு நாள்'. பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைத்து, கடைக்குப் போய், முடி வெட்டி, வீட்டுக்கு எழுதுவார்கள். 2019 பிப்ரவரிக்கு முன்னால் வீட்டோடு தொலைபேசியில் பேசுவது வருஷத்துக்கு இரண்டே தடவைதான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரம் ஒருமுறை அனுமதிக்கிறார்கள். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் அம்மாவுக்கு ஒரு நாளில் எத்தனை வாட்ஸ்அப் அனுப்பினோம் என்று நினைச்சுப் பாருங்க.

கதவு திறக்காத ஊர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இத்தனையும் செய்து, ஒரு நாளில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் மூடிய கதவு. சிலர் பணிவாக வேண்டாம் என்பார்கள், சிலர் திட்டுவார்கள், பலர் கதவையே திறக்க மாட்டார்கள்.

ஜப்பான் கதையைக் கேளுங்க. 1901 ஆகஸ்டில் யோகோஹாமா துறைமுகத்தில் அந்தச் சபையைச் சேர்ந்த 4 பேர் வந்து இறங்கினார்கள். தலைவர் ஹீபர் ஜே. கிராண்ட். நால்வரில் ஒருவர் ஆல்மா டெய்லர், அப்போது அவருக்கு வயது 19. யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. கிராண்ட் 1903-இல் ஊர் திரும்பிவிட்டார். டெய்லர் அங்கேயே இருந்தார். 2 வருஷம் இல்லைங்க, 8 வருஷத்துக்கும் மேல். மொழியை அடிப்படையிலிருந்து கற்று, தங்கள் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். ஜப்பானிய அறிஞர்கள் அதைத் திருத்திக் கொடுத்தார்கள். 1909-இல் அது அச்சாகி வந்தது. அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினார். 19 வயதில் போன பையன் 27 வயதில் வீடு வந்து சேர்ந்தான்.

பலன்? 1924-இல் அந்தப் பணியையே மூடிவிட்டார்கள். அந்த வருஷம்தான் அமெரிக்கா ஜப்பானியர் குடியேறுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது, இரு நாட்டுக்கும் நடுவே கசப்பு. மூடும் முடிவை எடுத்ததும் அதே கிராண்ட்தான், அப்போது அவர் சபைக்கே தலைவர். 23 வருஷத்தில் சேர்ந்தவர்கள் 200 பேர் கூட இல்லை. உலகப் போர் முடிந்து 1948-இல்தான் மறுபடி திறந்தார்கள். 1980-இல் டோக்கியோவில் ஆசியாவிலேயே அவர்களுடைய முதல் ஆலயம் எழுந்தது.

நாங்கள் பொறியியல் வகுப்பில் எதற்கும் செயல்திறன் கணக்குப் போடுவோம். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? அந்தக் கணக்கில் டெய்லரின் 8 வருஷம் வீண். எந்த நிறுவனமும் இந்தத் திட்டத்தை இரண்டாம் வருஷமே மூடியிருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு தப்பு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? குருக்ஷேத்திரத்தில் தேரை நிறுத்தி வைத்துக்கொண்டு கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொன்னது இதைத்தானே. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் பலன் கருதாக் கடமையை நாம் பேச்சுப் போட்டியில் மனப்பாடமாகச் சொல்லிக் கோப்பை வாங்குகிறோம். கீதையைப் படிக்காத ஒரு யூட்டா இளைஞன், மழையில் சைக்கிள் மிதித்து, 40 கதவு மூடினாலும் மறுநாள் காலை 6:30-க்கு எழுந்து அதைச் செய்து காட்டுகிறான். அந்த உழைப்பு அவனையே செதுக்குகிறது. கதவு திறக்காத நாளிலும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நம்ம வீட்டில் இல்லாததா?

"அப்படின்னா நம்ம சமயத்தில் இந்த ஒழுங்கு இல்லையா?" என்று கேட்காதீங்க. நிறையவே இருக்கு. நாம்தான் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறோம். வெறுந்தரையில் படுக்கை, சைவ உணவு, பிரம்மச்சரியம், காலையும் மாலையும் பூஜை. பத்துமலையின் 272 படி ஏறிக் காவடி இறக்கினவுடன் என்ன ஆகிறது? 49-வது நாள் எல்லாமே பழையபடி. 48 நாள் இருக்க முடிந்த உடம்புக்கும் மனசுக்கும் 49-வது நாள் முடியாமலா போகும்?

சுவாமி சிவானந்தரை எடுத்துக்கொள்ளுங்க. இந்த மண்ணுக்குச் சொந்தமானவர் என்றே சொல்லலாம். 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கம் தோட்ட மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு ஜொகூர். 10 வருஷம் இங்கே உழைத்துவிட்டுத்தான் திரும்பிப் போய் ரிஷிகேசத்தில் துறவியானார். 1936-இல் தெய்வநெறிக் கழகத்தைத் தொடங்கினார். அவர் தம் அன்பர்களுக்குக் கொடுத்த முக்கியமான கருவி ஓர் ஆன்மிக நாட்குறிப்பு. இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜபம் செய்தாய், எத்தனை பொய் சொன்னாய் என்று கேள்விகள். நாளுக்கு நாள் நீயே பதில் எழுதிக்கொள்ள வேண்டும். மிஷனரியின் கால அட்டவணையைப் பார்த்து வியப்பவர்கள் இதையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கணும்.

இரண்டு பேராகப் போகும் வழக்கமும் நமக்குப் புதுசு இல்லை. அப்பரும் சம்பந்தரும் ஊர் ஊராகச் சேர்ந்து போனார்கள். ஒருவர் முதியவர், மற்றவர் சிறுபிள்ளை. திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போனதாகச் சொல்லும் கோயில் கதவு மூடியே கிடந்தது. அப்பர் பாடினார். முதல் பாட்டுக்குத் திறக்கவில்லை. பதிகம் முழுக்கப் பாடின பிறகுதான் திறந்தது. திரும்ப மூடுவதற்குச் சம்பந்தர் பாடினபோது முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அப்பர் அதை நினைத்து வருந்தினார் என்றும் சொல்வார்கள். ஆனால் கதவு திறக்கும் வரை அவர் பாடுவதை நிறுத்தவில்லை பாருங்க, நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

திலகவதியார் செய்தது

நம் கூட்டங்களில் மதமாற்றம் என்ற பேச்சு வந்தால் போதும், சத்தம் கூடிவிடும். அவர்கள் ஆசை காட்டுகிறார்கள், இவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று. வீட்டில் ஒரு பிள்ளை வேறு சமயத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் படும் வலி பொய் இல்லை. தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிற அம்மாக்களை நாம் அறிவோம். ஆனால் அந்தப் பிள்ளையிடம் அதுவரை நாம் என்ன கொடுத்து வைத்திருந்தோம்? "திருநீறு ஏன் பூசுறோம்?" என்று பத்து வயதில் கேட்டபோது, "கேள்வி கேட்காம பூசு" என்று தானே சொன்னோம்?

அப்பர் கதையே இதற்குப் பதில். மருள்நீக்கியார் என்ற தம்பி, தேடல் உள்ள பையன், சமணம் போனார். தருமசேனர் என்ற பெயரோடு அங்கே உயர்ந்த நிலைக்கும் வந்தார். அக்கா திலகவதியார் என்ன செய்தார்? ஊரைக் கூட்டவில்லை. சமணரைத் திட்டவில்லை. திருவதிகைக் கோயிலில் விடியுமுன் எழுந்து, கூட்டி, மெழுகி, கோலமிட்டு, மாலை கட்டினார். இறைவனிடம் தம்பியைக் கேட்டார். வருஷக்கணக்கில் அதே வேலை. ஒரு நாள் தம்பிக்குச் சூலை நோய் வந்து வயிறு துடித்தபோது, ஓடி வருவதற்கு ஓர் அக்கா அங்கே இருந்தார். கையில் திருநீறு இருந்தது. அவர் தினமும் காத்து வைத்த அந்த ஒழுங்குதான் தம்பி திரும்பி வருவதற்குத் திறந்திருந்த கதவு.

நம் வீட்டில் அந்த விளக்கு தினமும் எரிகிறதா? எனக்குத் தெரிந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

ஒத்துக்கொள்ளாத இடமும் உண்டு

எல்லாவற்றையும் அப்படியே பாராட்டவில்லை. அடுத்தவர் வழி குறையுள்ளது, என் வழிக்கு வந்தால்தான் நிறைவு என்ற எண்ணத்தோடு கதவு தட்டுவதை நம் மரபு ஏற்காது. எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகிறது என்று நம்புகிறவர்கள் நாம். அடுத்தவர் ஆற்றைத் திருப்பிவிட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இன்னொன்று. 24 மாதம் முடிக்காமல், உடல்நலமோ மனநலமோ சரியில்லாமல் பாதியில் திரும்புகிற பிள்ளைகள் அங்கேயும் உண்டு. ஊர் என்ன சொல்லுமோ என்று கூசி நடக்கிற நிலை அவர்களுக்கு. நம்மிலும் விரதம் பாதியில் விட்டவனைக் கேலி செய்கிறோம். ஊருக்குப் பயந்து காக்கும் விரதம் கொஞ்ச நாளில் சுமையாகிவிடும். அன்பினால் காக்கிறவன் விழுந்தாலும் எழுந்து தொடருவான்.

கதவு தட்டினால்

ஒருநாள் உங்கள் வீட்டுக் கதவையும் இப்படி யாராவது தட்டலாம். சத்தம் போட வேண்டாம். வெயிலில் வந்த பிள்ளைகள், அவர்களுக்கும் எங்கோ ஓர் அம்மா இருக்கிறாள். தண்ணீர் கொடுங்க. தே தாரிக் கலக்கிடாதீங்க, குடிக்க மாட்டாங்க. மைலோ குடிப்பாங்க. பிறகு அமைதியாகச் சொல்லுங்க: "எனக்கு என் நெறி இருக்கு. அதை நான் தினமும் கடைப்பிடிக்கிறேன்."

இதில் இரண்டாவது வாக்கியத்தைக் கூசாமல் சொல்ல முடியணும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

அந்தச் சபையில் வளர்ந்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1970-களின் தொடக்கத்தில் கொரியாவில் மிஷனரியாக இருந்தவர். பின்னாளில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் புகழ்பெற்ற பேராசிரியர். ஆக்ஸ்போர்டில் படித்த காலத்தில், பாடச்சுமை கழுத்தை நெரித்தபோதும், தினமும் இரவு ஒரு மணி நேரம் படித்து, யோசித்து, பிரார்த்தித்தாராம். கடவுள் தன்னை எதற்காகப் படைத்தார் என்பதுதான் அந்த ஒரு மணி நேரத்துக் கேள்வி. தான் கற்ற எல்லாவற்றிலும் அதுவே அதிகம் பயன்பட்டது என்று பிற்பாடு எழுதினார். லேப் ரிப்போர்ட், அசைன்மெண்ட், பகுதிநேர வேலை என்று நமக்கு நேரமில்லை என்கிறோம். அவருக்கும் நேரம் இருக்கவில்லை, எடுத்துக்கொண்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த 48 நாள், தினமும் ஒரு மணி நேரம். தைப்பூசம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம். எழுந்ததும் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, 15 நிமிடம் ஒரு பதிகம். 15 நிமிடம் ஜபமோ தியானமோ. 20 நிமிடம் கீதையோ பெரிய புராணமோ, பொருள் புரிந்து படிக்க. கடைசி 10 நிமிடம் இரவில், நாட்குறிப்பு. தனியாகச் செய்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம், அதனால் ஒரு தோழரைச் சேர்த்துக்கொள்ளுங்க. "இன்னைக்கு முடிச்சியா?" என்று தினமும் ஒரு குறுஞ்செய்தி போதும். வாரம் ஒருநாள் கோயிலைக் கூட்டலாம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரமோ கணக்கோ சொல்லிக் கொடுக்கலாம், தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கலாம்.

திருநீறு ஏன் என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டால், இனிமேல் உட்கார்த்தி வைத்துச் சொல்லுங்க. "எல்லாம் எரிஞ்சா கடைசியில் மிஞ்சுறது இதுதான் கண்ணு. நம்ம கோபம், பொறாமை, நான் பெரிய ஆள்ங்கிற நினைப்பு எல்லாம் இப்படி எரிஞ்சு வெள்ளையாகணும்னு சாமியைக் கேட்டுப் பூசிக்கிறோம்." அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகாது.

முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியாது. மனசு ஓடும், தூக்கம் வரும், சாமி பேச மாட்டார். பரவாயில்லை. திருமறைக்காட்டில் முதல் பாட்டுக்கே கதவு திறந்துவிடவில்லை. மறுநாளும் எழுந்து உட்காருங்க.

எல்லாம் வல்ல இறைவன் நம் எல்லோருக்கும் அந்த உறுதியைத் தரட்டும். நமச்சிவாய.